குணம் என்று எழுதினேன்

பூந்தமல்லி தர்மாஸ்பத்திரியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வெள்ளைக்காரன் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். சேர்ந்த முதல் நாளே ஊரார் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மருந்து கலக்குகிறவன் இல்லை, எழுதுகிறவன் என்று ஒரு வாரம் எல்லோருக்கும் விளக்கிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குள் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் கம்பவுண்டர். மூன்றாவதாக ஒரு இனம் இருப்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. கொஞ்ச நாளில் எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

காலை ஏழு மணிக்கு என் ஜன்னல் திறக்கும். வருகிறவரின் பெயர், வயது, ஊர், உபாதை எல்லாவற்றையும் பெரிய பதிவேட்டில் எழுதி, கையில் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். உபாதையைச் சொல்லாக எழுதினால் போதாது, அதற்குரிய எண்ணையும் போட வேண்டும். எண்களெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு பட்டியலில் இருந்தன. அதை அட்டையில் ஒட்டி என் மேஜைக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். மாதக் கடைசியில் எந்த எண்ணில் எத்தனை பேர், அதில் குணம் எத்தனை, பாதி குணம் எத்தனை, வராமல் நின்றவர் எத்தனை என்று கூட்டிப் போட்டு ஜில்லா ஆபீசுக்கு அனுப்புவது என் பொறுப்பு. என் கையெழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பட்டியலில் காய்ச்சலுக்குப் பல எண்கள். வயிற்றுக்கும் பல. காதுக்கு மட்டும் ஒரே ஒரு எண். குரும்பி அடைத்த காதும் அதுதான், எறும்பு புகுந்த காதும் அதுதான், செவிப்பறை ஓட்டையாகி வருஷக்கணக்கில் சீழ் வடிகிற காதும் அதுதான். இடதா வலதா என்று எழுத இடமில்லை. நேற்று வந்த வலியா, நாலு வருஷத்துச் சீழா என்று எழுதவும் இடமில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் டாக்டரிடம் இதைக் கேட்டேன். "உமக்கு என்ன, காது ஒன்றா இரண்டா என்று சர்க்கார் கவலைப்பட வேண்டுமா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். ஒரு காலையில் எண்பது தொண்ணூறு பேரை ஒண்டியாகப் பார்க்கிறவர். அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை.

எங்களுக்கு என்று சில வழக்கங்கள் இருந்தன. ஒரு சீட்டுக்கு ஒரு நோய்தான், இரண்டு எழுதினால் கூட்டல் இடிக்கும். பழைய சீட்டுக்காரர்கள் டாக்டரிடம் போக வேண்டியதில்லை, நேரே கட்டுப்போடும் அறைக்குப் போய்விடலாம். அங்கே இருந்த டிரஸ்ஸர் காதைக் கழுவி, பஞ்சு சுற்றிய குச்சியால் ஒற்றி, சொட்டு மருந்து விட்டு அனுப்புவார். புதுச் சீட்டு மட்டும் டாக்டருக்கு. அதிலும், கூட்டம் அதிகமான நாட்களில் நோயின் எண்ணை நானே ஜன்னலில் கேட்டு முன்கூட்டியே போட்டுவிடுவேன். டாக்டருக்கு நேரம் மிச்சம். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நாள் போகப் போக என் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் ஆளையே பார்ப்பார் என்று ஆகிவிட்டது. அதிலும் எனக்குக் கர்வம்தான்.

அந்தப் பக்கத்தில் சீழ்க்காதுக்குப் பஞ்சமே இல்லை. சளி பிடித்தால் காது, அம்மை போட்டால் காது. ஏரியில் முங்கியதால் வந்தது என்று தாய்மார்கள் அடித்துச் சொல்வார்கள். வேப்பெண்ணெயைக் காய்ச்சிக் கோழி இறகால் விட்டுப் பார்த்து, அதற்கும் கேட்காவிட்டால்தான் எங்களிடம் வருவார்கள். வந்தவர்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருமுறை ஜில்லாவிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து பதிவேட்டைப் புரட்டினார். அதே பெயர்கள் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று காது எண்ணின் கீழ் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் காதே ஆறாதா?" என்று கேட்டார். எங்கள் டாக்டர் முகம் சுருங்கிப்போயிற்று. வந்தவர் வண்டி ஏறிப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"காய்ந்துபோன கேஸையெல்லாம் மூடிவிடும். இழுத்துக்கொண்டே போகாதீர்."

நான் அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்து இரண்டு முறை டிரஸ்ஸரின் பஞ்சு ஈரமில்லாமல் வந்தால், பெயருக்கு நேரே சிவப்பு மையில் "குணம்" என்று எழுதி மூடிவிடுவேன். இரண்டே மாதத்தில் எங்கள் காது எண்ணில் குணம் மளமளவென்று ஏறியது. டிரஸ்ஸர் என்னைக் கிண்டல் செய்வார். "நான் கழுவறேன், நைனா எழுதியே ஆத்திப்புடறாரு" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த வருஷம் ஆவணியில் அயனம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். பெண்ணுக்கு ஏழு வயது. மூன்று வயதில் அம்மை போட்டதிலிருந்து இடது காதில் சீழ். நாற்றத்துக்காக மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்று தாய் சொன்னாள். அந்தப் பெண் தலைமுடியை இடது பக்கமாகத் தழையத் தழைய வாரி, காதை மூடி வைத்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி எம்பி, நான் எழுதுவதைப் பார்த்தாள்.

"இன்னா எழுதறீங்க?"

"உன் காதைப் பத்தி."

"என் காதைப் பத்தி எழுத இவ்ளோ கீதா?"

"ஒரு நம்பர்தான்."

"அப்போ மீதி எல்லாம்?"

"மீதி உன் பேரு, உன் ஊரு."

தன் பெயர் எது என்று காட்டச் சொன்னாள். விரல் வைத்துக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் என் கையெழுத்தை இத்தனை கவனமாகப் பார்த்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் தாயும் மகளும் நடந்தே வருவார்கள். வந்தவுடன் எம்பி நின்று, "இன்னைக்கும் அதே நம்பரா?" என்று கேட்பாள். அதே நம்பர்தான் என்பேன். இரண்டு மாதம் ஆவதற்குள் நாற்றம் நின்றது, பிறகு ஈரமும் நின்றது. டிரஸ்ஸர் பஞ்சை எடுத்து என்னிடம் காட்டினார், வெள்ளையாக இருந்தது. அடுத்த முறையும் வெள்ளை. மாதக் கடைசி. நான் சிவப்பு மையைத் தொட்டு எழுதிவிட்டுத் தாயிடம் சொன்னேன்.

"காது நல்லா ஆயிடுச்சும்மா. கேஸை மூடிட்டேன். இனிமே இவ்ளோ தூரம் நடக்க வேணாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷத்துக் கஷ்டம். மடியிலிருந்து இரண்டு கை வேர்க்கடலையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை நான். அதைச் சம்பாதித்ததாகவே நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் வந்தார்கள். மழை விட்டு ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த சமயம். ஜன்னலிலிருந்து வாசல் வேப்பமரம் வரைக்கும் வரிசை. பழைய சீட்டு மூடியாயிற்று, ஆகையால் புதுச் சீட்டு போட வேண்டும்.

"இன்னாம்மா ஒடம்புக்கு?"

"காய்ச்சல் நைனா. ரெண்டு நாளா அனலா கொதிக்குது. வாந்தி வேற எடுத்துச்சி."

"காது?"

"காது ஒண்ணும் இல்ல, சுத்தமா காஞ்சிதான் கீது. நீங்கதான் நல்லா ஆக்கிட்டீங்களே."

ஒரு சீட்டுக்கு ஒரு நோய். காய்ச்சலுக்கு உரிய எண்ணைப் போட்டேன். அன்று காலை நாற்பது பேருக்குப் போட்ட அதே எண். பெண் ஜன்னலில் எம்பவில்லை. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தலையை இடது பக்கமாகச் சாய்த்து, முடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வயசுக்குமேல் பொய் சொல்ல மாட்டேன்.

"இன்னாம்மா, தலையைச் சாய்ச்சிகினு கீறே?" என்று பெண்ணிடம் கேட்டேன்.

"தலை நோவுது."

"காய்ச்சல்னா தலை நோவத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மிக்சர் எழுதினார். தாய் கொண்டுவந்த பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் முற்பகலில் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். தகப்பன் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். பெண்ணுக்கு நினைவு சரியாக இல்லை, கழுத்தை வளைக்க முடியவில்லை. டாக்டர் எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டுக் குனிந்து, அந்த முடியை ஒதுக்கினார். காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கி, சிவந்து, காது மடலே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. மெல்ல விரலை வைத்தார். அந்த நிலையிலும் குழந்தை முனகியது.

"இந்தக் காதில் சீழ் வந்ததா?"

"வந்துச்சி டாக்டரய்யா. இங்கதான் காட்டினோம். நல்லாப் பூடுச்சி" என்றாள் தாய்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். என் கைபட்ட பக்கத்தை நானே அவருக்குத் திறந்து காட்டினேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சீழை எடுக்க அங்கேதான் முடியும். கரையான்சாவடியில் பஸ் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று அனுப்பினார். பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே அவள் உயிர் போய்விட்டது. அதே வண்டி எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் திரும்பிப் போயிற்று. தாயின் அழுகுரல் கேட்டது. நான் எழுந்து வெளியே போகவில்லை.

அன்று மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் எனக்குச் சொன்னார். "வடிகிற வரைக்கும் சீழுக்கு ஒரு வழி இருந்தது. வழி அடைந்துபோய் உள்ளே இறங்கிவிட்டது. வருஷக்கணக்கில் வடிந்த காது காய்ந்து, கூடவே காய்ச்சலும் தலைவலியும் வந்தால் பயப்பட வேண்டும். அதைப் போய் நாம் குணம் என்று எழுதி வைத்திருக்கிறோம்." நாம் என்றுதான் சொன்னார். பிறகு, "அன்றைக்கு நானும் காதைப் பார்க்கவில்லை" என்றார். கடைசியாக, "இனிமேல் எண்ணை நான் போட்டுக்கொள்கிறேன். நீர் பெயரை மட்டும் எழுதும்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சிவப்பு எழுத்தை அடித்து மாற்ற வேண்டும் என்று கேட்டேன். போன மாதக் கணக்கு ஜில்லாவுக்குப் போய்விட்டது, குணம் ஒன்று குறைந்தால் ஏன் குறைந்தது என்று எழுதிக் கேட்பார்கள் என்றார். ஊர்க் கணக்குப்பிள்ளை சாவுப் பதிவில் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். தாய் அவரிடம் காட்டியது என் சீட்டைத்தான். ஆக, காது என்ற எண்ணில் அவள் குணமானாள், காய்ச்சல் என்ற எண்ணில் செத்துப்போனாள். அவள் எதனால் செத்தாள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாயிடம் போய்ச் சொல்லட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு இருக்கிற துக்கம் போதும்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அயனம்பாக்கம் என்று யாராவது ஊர் சொன்னால் தலை நிமிராமல் எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான். வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவரிடம் இதைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், வரவில்லை.

மாசி மாதம் அந்த அம்மா திரும்ப வந்தாள். இடுப்பில் இரண்டு வயது இருக்கும் சின்னப் பெண். பெரியவளின் தங்கை. சளி பிடித்து, காது சிவந்து, முதல்நாள் இரவிலிருந்து சீழ் வடிகிறது. ஜன்னலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து அந்த அம்மா சிரித்தாள். சிரித்தாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பெரியவளுக்குப் பண்ணினாப்பல இதுக்கும் காய வெச்சிக் குடுங்க நைனா. உங்க கை ராசியான கை. அவ காதை நீங்க நல்லாத்தான் ஆக்கினீங்க. காய்ச்சல் வந்து வாரிகினு பூடுச்சி, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கொடுத்து அனுப்பலாம். டாக்டர் பார்ப்பார், டிரஸ்ஸர் கழுவுவார், காதும் ஒரு நாள் காயும். காய்ந்ததும் இவள் சந்தோஷமாக வீட்டில் இருந்துவிடுவாள். அப்புறம் காய்ச்சல் வந்தால்? காய்ந்தால் குணம் என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதை நான் திரும்ப வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவது?

"இங்க பாரும்மா, நல்லாக் கேட்டுக்கோ. காது காஞ்சா ஆறிப்போச்சின்னு அர்த்தம் இல்ல. காஞ்ச பிறவு காய்ச்சல் வந்தாலோ, தலை நோவுன்னு அழுதாலோ, வாந்தி எடுத்தாலோ, காதுக்குப் பின்னால வீங்கினாலோ, சீட்டு வாங்க என்கிட்ட நிக்காதே. நேரா டாக்டரய்யாகிட்ட போ. காதுல சீழ் வந்த கொழந்தைன்னு மொதல்ல சொல்லு."

அவள் கவனமாகக் கேட்டாள். மறக்காமல் இருக்க விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். "காய்ச்சலு. தலை நோவு. வாந்தி. பின்னால வீக்கம்." நாலாவது விரலை மடக்கியவள் அப்படியே நின்றாள்.

"இதெல்லாம் அவளுக்கு வந்துச்சே."

"ஆமாம்மா."

"காதாலயா?"

"காதாலதான்."

"காது நல்லா ஆயிடுச்சின்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். தப்பா எழுதிட்டேன்."

சின்னவள் பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரம் தவறாமல் அந்த அம்மா அவளை ஏழு மாதம் கொண்டுவந்தாள். காது காய்ந்த பிறகும் கொண்டுவந்தாள். என்னிடம் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை, சீட்டை ஜன்னலில் வைத்துவிட்டு டாக்டர் அறையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஆனால் அன்றைக்கு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொல்லி இரைச்சல் போட்டார்கள். அவள் காதில் அது விழவில்லை. இடுப்புக் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"தலை நோவுது தலை நோவுதுன்னு ரெண்டு நாளா சொல்லிகினே கெடந்தா, நைனா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அதான் காது நல்லாயிடுச்சே, இன்னும் இன்னாடி பாசாங்கு பண்றேன்னு அந்தப் பக்கத்துலயே ஓங்கி ஒண்ணு உட்டேன்."

நான் சீட்டை எழுதி நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு டாக்டர் வரிசையில் போய் நின்றாள்.